சாயப்பட்டறையில் கழுவிய சிப்பிகள்

இறால் குட்டைக்காக வெட்டிய பள்ளத்தின் சுவரில், என் முழங்கை உயரத்தில், ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. மேலே பழுப்பு மணல், கீழே கறுப்புக் களிமண், நடுவில் இரண்டு சாண் கனத்துக்குச் சிப்பிகள். பாலாறு கடலில் சேரும் இடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த நிலம் அது. இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. காற்றில் உப்பு மட்டும் இருக்கும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல் இப்போதைவிடச் சற்று உயர்ந்து நின்ற காலத்தில், அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்திருக்க வேண்டும். நான் பள்ளத்துக்குள் குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டம் என் தலைக்கு மேலே எங்கோ இருந்தது.

"ரெண்டு நாளு எடுத்துக்கோ மா," என்றார் நிலத்துக்காரர். "மூணாம் நாளு தண்ணி வுட்டுடுவேன். அப்புறம் என்னை ஏசாத."

இரண்டு நாளில் இருபத்தாறு சிப்பிகள் எடுத்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டேன். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு விவரம்: மேலடுக்கா, நடுவா, கீழா; எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது; ஒற்றை ஓடா, இரண்டு ஓடும் சேர்ந்து மூடியதா; உடைசல் உண்டா. மூன்றாம் நாள் அவர் சொன்னபடியே தண்ணீர் விட்டார். அந்தப் பட்டை குட்டைக்கு அடியில் போய்விட்டது. அதிலிருந்து உலகத்தில் மிச்சம் இருந்தது என் துணிப்பையில் இருந்த இருபத்தாறுதான்.

நான் நிலவியல் படித்தவள். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளர். ஏனாத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் ரயிலில் போய் வருகிறேன். எங்கள் தாத்தா ஊரார் வயலில் கூலிக்கு நின்றவர், அப்பா கொத்தனார், அண்ணன் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறான். பதினைந்து வருஷம் அடுத்தவர் பட்டறையில் கைவேலை செய்துவிட்டு இப்போது சொந்தமாக இரண்டு செம்புப் பாத்திரம் வைத்திருக்கிறான். வீட்டில் கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து சேர்ப்பவள் நான் ஒருத்திதான்.

சிப்பி தன் ஓட்டை ஒரே நாளில் கட்டுவதில்லை. உயிரோடிருக்கும் வரை அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகும். எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்துத்தான் கட்டும். அதனால் அன்றைய கடலின் சூடும் உப்பும் ஓட்டில் ஏறிவிடும். ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று வகை உண்டு. மழை நீரில் லேசானது கூடுதல். ஆற்றில் வெள்ளம் வந்து கழிமுகத்தில் நல்ல தண்ணீர் புகுந்த மாதங்களின் அடுக்கு லேசாக இருக்கும். மழையில்லாத உப்பு மாதங்களின் அடுக்கு கனமாக இருக்கும். ஓட்டைக் குறுக்கே அறுத்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னத் துளைக் கருவியால் வரிசையாகப் பொடி எடுத்து, இயந்திரத்துக்குக் கொடுத்தால், ஒரு சிப்பி வாழ்ந்த மழையும் வெயிலும் மாதவாரியாக வரும். சூடும் எண்களை அதே பக்கம் இழுக்கும் என்பது இதில் உள்ள சிக்கல். அதைப் பிரிப்பதுதான் வேலை.

ரயில் பாலாற்றை ஒட்டிப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆறு என்பது அங்கே பெரும்பாலும் மணல்தான். ஆனால் அந்தச் சிப்பிகளின் காலத்தில், எங்கள் ஊர் இருக்கும் திசையில் பெய்த மழை இதே வழியாக, இதே வளைவில் திரும்பி, ஓரிரு நாளில் கழிமுகத்துக்குப் போயிருக்கும். அங்கே தண்ணீருக்கடியில் வாய் திறந்து உட்கார்ந்திருந்த சிப்பி அதை ருசி பார்த்திருக்கும். கோயிலும் தறியும் ஊரும் இல்லாத காலத்து ஏனாத்தூர் மழை ஒரு சிப்பியின் உதட்டில் மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். வாலாஜாபாத் தாண்டும்போது கண் சொக்கும். மணலுக்கு மேலே பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடுவதைப் பாதித் தூக்கத்தில் பார்ப்பேன். செங்கல்பட்டில் யாராவது தோளைத் தட்டி, "கொஞ்சம் தள்ளு மா" என்பார்கள்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடத்தின் திட்டம் கடல் வெப்பம் பற்றியது. என் கேள்வி வேறு. இவ்வளவு சிப்பிகள் ஒரே பட்டையில் கிடக்கின்றனவே, ஒரே பெருவெள்ளத்தில் சேர்ந்து செத்தவையா, அல்லது வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்துச் சேர்ந்தவையா? அதற்கு விடை ஓட்டின் கடைசி விளிம்பில் இருக்கிறது. சாவதற்கு முன் கட்டிய கடைசி அடுக்கு எல்லாச் சிப்பியிலும் நல்ல தண்ணீரைக் காட்டினால் வெள்ளம். மாறி மாறிக் காட்டினால் இல்லை. எனக்கு வெள்ளம்தான் வேண்டும் என்று உள்ளூர ஆசை. மேடம் நேராகச் சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் உன் கேள்விக்கு எடுத்துக்கோ. விளிம்பு பேசினா உனக்குத் தனிக் கட்டுரை. பேசலன்னா வெப்ப வேலைக்கு வந்துடு."

சிப்பிகளில் ஒட்டியிருந்த களிமண்ணை எடுப்பது மெதுவான வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். என் விதிகள் நோட்டின் உள்ளட்டையில் இருந்தன: தண்ணீர் மட்டும். பழைய பல் துலக்கி மட்டும். சோப்பு கூடாது. சூடு கூடாது. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். யார் கழுவலாம் என்று ஒரு வரி அதில் இல்லை. அப்படி ஒரு வரி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் சாயப்பட்டறைக்கும் வேலை இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அமாவாசை எங்களுக்கு ஒன்றுமில்லை; ஆனாலும் மாதத்தில் அண்ணனுக்கு உறுதியாகக் கிடைக்கும் விடுமுறை அதுதான். அந்த மாத அமாவாசையன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் ஒரு பழைய போர்வை விரித்து, அதன்மேல் வரிசையாகச் சிப்பிகள் காய்ந்துகொண்டிருந்தன. பல் மாதிரி வெளுத்து, மினுங்கின.

"எப்படி இருக்குது பாப்பா?" என்றான் அண்ணன். தலை துவட்டிக்கொண்டே வந்தான். "நீ ஒரு மாசமா பல்லு தேச்சு வுட்டுக்கினு இருந்த. நான் ஒரே மதியத்துல முடிச்சிட்டேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?"

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். மாவு தடவியது போல வழுவழுப்பாக இருந்தது. பென்சில் எண் இல்லை.

"எதுல கழுவினே?"

"பட்டு கழுவுறதுலதான். அதவிட சுத்தமா வேற எதுல கழுவுவாங்க? முதல்ல சோப்புத் தண்ணில கொதிக்க வுட்டேன், மண்ணு எல்லாம் வுட்டுச்சு. அலசினேன். கடைசில ஆசிட் தண்ணி, சும்மா லேசா."

பட்டு நூலுக்கு அதுதான் முறை. கொதிக்கிற சோப்பில் பசை போகும். சாயம் ஏற்றியபின் இளக்கிய ஆசிட்டில் ஒரு முக்கு முக்கினால் மினுமினுப்பும் கைக்குச் சரசரப்பும் வரும். அந்த முக்குக்காகவே அண்ணனைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

"எத்தனை தடவை முக்கினே?"

"ஒண்ணு போதும்னுதான் பார்த்தேன். நுரை வந்துக்கினே இருந்துச்சு. சோப்பு இன்னும் போகலன்னு இன்னொரு முக்கு போட்டேன். அப்பவும் வுடல. மூணாவது..."

"அண்ணா, அது சோப்பு இல்ல. நுரையா வந்தது சிப்பி."

அவனுக்குப் புரியவில்லை. சிப்பி சுண்ணாம்பு என்றும், ஆசிட்டில் சுண்ணாம்பு கரையும் என்றும், கரைந்தது வெளி அடுக்கு என்றும், எனக்கு வேண்டியது அந்த வெளி அடுக்கு மட்டும்தான் என்றும் வரிசையாகச் சொன்னேன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் போர்வை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "ஒரு நாளு லீவு கெடச்சா போன தபா என் மிக்ஸியக் கழட்டினாரு. இந்தத் தபா உன் முறையா மா?"

"நீ சும்மா இரு," என்றான் அண்ணன். சிரிக்கவில்லை. "வேற எடுத்துக்கினு வர்லாமா? நான் வண்டில கூட்டினு போறேன்."

"அங்க தண்ணி வுட்டாச்சு."

நான் போர்வைக்குப் பக்கத்தில் குந்தி இன்னொரு சிப்பியை எடுத்தேன். பிறகுதான் ஒவ்வொரு சிப்பியிலும் ஒரு வெள்ளை நூல் கட்டியிருப்பதைக் கவனித்தேன். கொதிக்கும் பாத்திரத்தில் காகிதச் சீட்டு நிற்காது. அதனால் யாருடைய நூல் எது என்று தெரிய, சாயக்காரர்கள் கழி என்கிற ஒவ்வொரு நூல் கற்றையிலும் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அண்ணன் என் பென்சில் எண்களைப் பார்த்திருக்கிறான். அவை போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பத்துக்கு ஒரு வளையம், ஒன்றுக்கு ஒரு முடிச்சு. இரண்டு வளையமும் ஆறு முடிச்சும் இருபத்தாறாம் எண். நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. எந்தச் சிப்பி எந்த அடுக்கு என்பது முழுசாக இருந்தது. சிப்பியில்தான் கொஞ்சம் குறைந்திருந்தது.

அன்று சாப்பிடும்போது அண்ணன் மெதுவாகச் சொன்னான். "மண்ணுக்குள்ள இருந்தப்பவே அரிச்சிடுச்சுன்னு சொல்லிடேன். யாரு பார்த்தாங்க?"

அதை நானும் யோசித்திருந்தேன். மண்ணில் அரித்த சிப்பிகள் நிறைய உண்டு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அப்படி எழுதினால், அந்தக் கழிமுகத்து மண்ணின் புளிப்பைப் பற்றி நான் ஒரு பொய்யைச் சேர்த்து வைக்கிறேன். பின்னால் யாரோ ஒருவர் அதை நம்பி வேறு ஒன்றைக் கணக்கிடுவார். இதை அண்ணனிடம் சொன்னபோது, "அந்த மண்ணுக்கே பாவம் பார்க்குற, சரி," என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சிப்பியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவ்வளவு போயிருக்கு?"

"தெரியாது, மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

எவ்வளவு போயிருக்கும் என்று தெரிய, அண்ணன் செய்ததை அப்படியே மறுபடி செய்ய வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய இன்றைய சிப்பிகள் பத்தை அளந்து எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். நோட்டைத் திறந்து கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சோப்பு எவ்வளவு?"

"கை அளவு."

"கொதி எவ்வளவு நேரம்?"

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வர நேரம்."

"ஆசிட் எவ்வளவு?"

"நாக்குல வச்சா புளிக்கணும், எரியக் கூடாது."

"அண்ணா!"

"இன்னா அண்ணா? இருவது வருசமா நாக்குதான். நீ வேணும்னா எழுதிக்கோ, ஒரு நாக்குன்னு."

எழுதிக்கொண்டேன். அவன் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றி, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான். தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஒரு சொட்டு விட்டான். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி நெடி. நான் புளிப்பு காட்டும் தாளை முக்கி எண்ணைக் குறித்தேன். பாத்திரத்தைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கலக்கச் சொன்னேன். ஐந்து தடவை கலக்கினான். ஐந்து தடவையும் தாள் ஒரே நிறம் காட்டியது.

"பாஸா?" என்றான்.

"பாஸ்."

"ஆனா சிப்பி பெயில்."

அப்போதுதான், அமாவாசைக்குப் பிறகு முதல் தடவையாக, இரண்டு பேரும் சிரித்தோம். பத்துச் சிப்பிகளையும் மூன்று முக்கு முக்கினோம். நுரை பொங்கியது. அண்ணன் பாத்திரத்தின் மேல் குனிந்து, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அளந்ததில், ஓட்டின் உதட்டிலிருந்து, அதாவது அந்தக் கடைசி விளிம்பிலிருந்து, ஒரு நகக் கனம் போயிருந்தது. சிப்பிக்கு அந்த நகக் கனம் கடைசி ஆறேழு மாதம். ஒரு மழையும் ஒரு வெயிலும். என் கேள்வி முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

அளவுகளை மேடத்திடம் கொடுத்தேன். வெப்ப வேலைக்குத் திரும்ப என் மேசையை ஒழுங்குபடுத்தவும் தொடங்கினேன். அவர் என் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த ரெண்டும் மூடினதா?"

ஒன்பதும் பதினேழும். இரண்டும் நடு அடுக்கில் கிடந்தவை. மற்றவை எல்லாம் ஒற்றை ஓடுகள். இவை மட்டும் இரு ஓடும் சேர்ந்து, வாய் மூடி, உள்ளே களிமண் இறுகி இருந்தவை.

"உதடு போயிருக்கும், மேடம்."

"மூட்டு?"

ஓடுகள் இரண்டும் சேரும் மூட்டிலும் அதே அடுக்குகள் உண்டு. உதட்டில் அவை அகலமாக இருக்கும், மூட்டில் ரொம்ப நெருக்கமாக இருக்கும். அகலமானது சுலபம் என்பதால் நான் உதட்டையே நினைத்திருந்தேன். மூடிய சிப்பியில் மூட்டு உள்பக்கம் ஒளிந்திருக்கும். உள்ளே களிமண் அப்படியே இருந்தால் ஆசிட் அதுவரை போயிருக்காது.

அன்று அண்ணனுக்குப் பட்டறை நேரத்திலேயே போன் செய்தேன். "ஒம்பதும் பதினேழும் கட்டினப்ப எப்படி இருந்துச்சு?"

"வாய மூடிக்கினு இருந்துச்சே, அதுங்களா? கொதில தொறந்துக்கும்னு குறுக்க நெடுக்க இறுக்கிக் கட்டினேன். நூலா இருந்தா அப்படிக் கட்ட மாட்டேன், கட்டின எடத்துல சாயம் ஏறாம திட்டு திட்டா நிக்கும். இன்னாம்மா, அதுவும் தப்பா?"

"இல்ல."

அறுத்துப் பார்த்தோம். களிமண் நகரவில்லை. இரண்டு மூட்டும் முழுசாக இருந்தன. உருப்பெருக்கியின் கீழ், ஒரு விரல் நுனி அகலத்துக்குள் நான்கு வருஷம், ஐந்து வருஷம். ஊசி முனையளவு பொடியாக, கோட்டுக்குக் கோடு எடுத்தேன். ஒரு நாளைக்கு ஆறு கோடுதான் முடியும். வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்தால் கண்ணை மூடினாலும் கோடுகள் தெரியும். வெளுப்பு, சாம்பல், வெளுப்பு. அவற்றின் நடுவில் ரயில் மெதுவாகப் போகும். பாலூர் வந்தது எனக்குத் தெரியாது.

இயந்திரத்திலிருந்து எண்கள் வர மூன்று வாரம் ஆனது. ஒன்பதாம் சிப்பியின் கடைசிக் கோடுகள் லேசாகிக்கொண்டே போய் முடிந்திருந்தன. கழிமுகத்தில் நல்ல தண்ணீர் நிறைந்த நேரத்தில் அது செத்திருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கு வெள்ளத்தின் சத்தமே கேட்டது. அடுத்த தாளைத் திருப்பினேன். பதினேழு அப்படி இல்லை. மழை வந்து போய், உப்பு ஏறி, ஏறி, கனமான எண்ணில் நின்றிருந்தது. வறண்ட மாதம்.

மூடிய சிப்பி வேறெங்கும் இருந்து அடித்துக்கொண்டு வந்தது அல்ல. உருண்டு வந்திருந்தால் ஓடுகள் பிரிந்திருக்கும். வாழ்ந்த இடத்திலேயே இரண்டும் புதைந்தவை. ஒரே அடுக்கு, ஒரு முழம் இடைவெளி, வேறு வேறு பருவம். பட்டை முழுவதும் ஒரே வெள்ளத்தில் வந்தது என்று இனி சொல்ல முடியாது. எத்தனை வருஷத்தில் சேர்ந்தது, வெள்ளங்கள் எத்தனை வந்தன என்பதை மற்ற இருபத்து நான்கும் சொல்லியிருக்கலாம். அவற்றின் விளிம்பு இல்லை. இரண்டு சிப்பியை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றை மறுக்க மட்டும்தான் முடிந்தது.

தனிக் கட்டுரை இல்லை என்று மேடம் சொன்னார். வெப்பக் கட்டுரையில் எனக்கு ஒரு பத்தி கொடுத்தார். அதில் இரண்டு வரி முடிவு. ஐந்து வரி, சிப்பிகள் எப்படிக் கழுவப்பட்டன என்பது. கொதி, சோப்பு, ஆசிட்டின் புளிப்பு, எத்தனை முக்கு என்பது எல்லாம் எழுதினேன். நான் வெப்ப வேலைக்குத் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பட்டறைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் மாம்பழ நிறத்தில் ஒரு கழியைக் கம்பில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தான். ஆவியில் முகம் பாதிதான் தெரிந்தது.

"அப்போ வெள்ளம் வரலியா?"

"வந்திருக்கும். எல்லாத்தையும் ஒரே வெள்ளம் கொல்லல."

"என்னைப் பத்தி எழுதினியா?"

"எழுதினேன். பேரு போடல."

"போட்டா இன்னா, நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்," என்றான். கழியை ஒரு திருப்புத் திருப்பினான். பிறகு, "ஒம்பது மழையில. பதினேழு?"

"வெயில் காலத்துல."

"எதனால?"

"தெரியாது. எண்ல ஒண்ணும் இல்ல. தண்ணில ஒரு கோளாறும் தெரியல."

"சும்மாவா செத்துச்சு?"

"சும்மாதான்."

அண்ணன் கம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டான். செம்புப் பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. எனக்குப் பதினேழின் அந்த நாள் தெரிந்தது. ஆறு வற்றிப்போய் உள்ளே வராத ஒரு நண்பகல். மேகம் இல்லை. கழிமுகத்துத் தண்ணீர் உப்புக் கரித்து, வெதுவெதுப்பாக, அடிமண் தெரியும் தெளிவில் அசையாமல் நின்றது. சிப்பி வாயை மூடிக்கொண்டது. மேலே ஒரு அலைகூட மாறவில்லை.

"பாவம்," என்றபடி அண்ணன் கழியைத் தண்ணீரிலிருந்து தூக்கினான்.